சாப்பாட்டு மேசையில் ஜேபஸ் புல்சிஃபர்

மூதாதை வேட்டைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர்களில் அது நன்றாகச் செழித்து வளர்கிறது. பாசி படிந்த கல்லறைகள், முந்நூறு வருடத்துப் பத்திரப் புத்தகங்கள், எதற்கும் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகாத ஒரு மனைவி. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் அதற்கு வேறு தீனி தேவையில்லை. கோடையில் அந்தப் பக்கம் போனால் நீங்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். புல்லில் இருக்கும் உண்ணிக்குப் பயந்து கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் திணித்திருப்பார். காரின் பின்பெட்டியில் மற்றவர்கள் மடக்கு நாற்காலியும் தூண்டிலும் வைத்திருக்கும் இடத்தில் அவர் ஒரு மெல்லிய தூரிகை, ஒரு தண்ணீர்த் தெளிப்பான், ஒரு பெரிய கண்ணாடி ஆகியவற்றை வைத்திருப்பார். கண்ணாடி முகம் பார்க்க அல்ல. தேய்ந்துபோன கல்லறை எழுத்தின் மேல் வெயிலைச் சாய்வாகத் திருப்பிவிட. அதைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த இனத்தில் பலர் அதற்காகத்தான் திருமணமே செய்துகொள்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நாம் பார்க்கப்போகும் மாதிரிக்குப் பெயர் ஹார்லன் புல்சிஃபர். வயது அறுபத்தெட்டு. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குடிக்க மாட்டார், சூதாட மாட்டார், பனி கொட்டினால் முதல் ஆளாக மண்வாரியைத் தூக்கிக்கொண்டு போய் அண்டை வீட்டுக்கு வழி ஏற்படுத்திக் கொடுப்பார். மனிதரிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு கெட்ட பழக்கம்கூட இல்லாததால்தான், அவர் மனைவி நடீனுக்கு நாற்பது வருடமாகத் தங்கை வீட்டுக்குக் கிளம்ப ஒரு காரணம் கிடைக்கவில்லை.

இந்த இனத்தின் முதல் அடையாளம், செத்தவர்களைப் பற்றி நிகழ்காலத்தில் பேசுவது. காலையில் காபிக் கோப்பையோடு ஹார்லன் சமையலறைக்குள் வருவார். முகம் வாடியிருக்கும்.

"என்னாச்சு?" என்பார் நடீன்.

"ஜேபஸ் நிலைமை சரியில்ல. வேலியைச் சரியா அடைக்கலன்னு மறுபடியும் அபராதம் போட்டுட்டாங்க."

"எப்போ?"

"ஆயிரத்து அறுநூத்தி எண்பத்து மூணு, மார்ச்சுல."

"ஓ. முட்டை எப்படி வேணும்?"

ஜேபஸ் புல்சிஃபர் 1704இல் காலமானவர். ஹார்லனுக்கு ஒன்பது தலைமுறை முந்தியவர். அதாவது, அப்படி என்று ஹார்லன் நம்புகிறார். ஜேபஸைப் பற்றி ஹார்லனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் பன்றிகளை எல்லோரும் காட்டில் அவிழ்த்துவிடுவார்கள். யாருடைய பன்றி எது என்று தெரிவதற்குக் காதில் வெட்டி, அந்த வெட்டின் விவரத்தை ஊர்ப் புத்தகத்தில் பதிந்து வைப்பார்கள். ஜேபஸின் பன்றிக்கு இடது காதில் நுனி வெட்டு, வலது காதில் கீழ்ப்பக்கமாக ஒரு கீறல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஹார்லன் சொல்வார். ஒரே மகள் டெஸ் மணக்கப்போகும் பையனின் பெயரைத்தான் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை.

"அந்தப் பையன்... ரோனியா?"

"ரெமி."

"ரெமி. நல்ல பையன்."

"பன்னிக்கு எந்தக் காதுல வெட்டுன்னு தெரியுது. மாப்பிள்ளை பேரு தெரியல."

"பன்னி விவரம் ஊர்ப் புத்தகத்துல எழுதியிருக்கு நடீன்" என்றார் ஹார்லன், தன்மேல் தவறே இல்லை என்பதுபோல.

இரண்டாவது அடையாளம் முன்னோர்களின் தரம். இந்த இனத்தைச் சேர்ந்த நூறு பேரைக் கூட்டி விசாரித்துப் பாருங்கள். ஆளுநரின் மருமகன், படைத்தலைவன், தேவாலயத்து மூப்பன், முதல் கப்பலில் வந்தவன், முதல் கப்பல் தரை தட்டியபோது முதலில் குதித்தவன் என்று எல்லோருக்கும் ஓர் ஆள் இருப்பார். கோழி திருடியவனுக்கு மட்டும் வாரிசே கிடையாது. அவன் பிள்ளை குட்டி இல்லாமலே போய்விட்டான் போலிருக்கிறது. தப்பித் தவறி யாருடைய முன்னோனாவது ஊர் நடுவில் தண்டனையாகக் கட்டையில் கால் மாட்டி உட்காரவைக்கப்பட்டிருந்தால், அது கொள்கைக்காக. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் குறட்டை விட்டதற்காக என்று பதிவேட்டில் தெளிவாக எழுதியிருந்தாலும், அந்தக் குறட்டையும் கொள்கைக் குறட்டைதான்.

மூன்றாவது, நிலம். பழைய பத்திரத்தைக் கையில் எடுத்ததும் இவர்களுக்குக் கால் தரையில் நிற்காது. எழுதிய புண்ணியவான் என்ன எழுதியிருப்பான்? பெரிய வெள்ளைக் கருவாலி மரத்தில் தொடங்கி, கற்குவியல் வரை போய், அங்கிருந்து ஓடை வளையும் இடம் வரை. மரம் விழுந்து இருநூறு வருடம் ஆயிற்று. கற்குவியலை எடுத்து யாரோ சுவர் கட்டிவிட்டார்கள். ஓடை தன் இஷ்டத்துக்கு வேறு இடத்தில் வளைகிறது. அதனால் என்ன? போன வசந்தத்தில் ஹார்லன் கையில் திசைகாட்டியும் அளவுக் கயிறுமாக நடக்கத் தொடங்கி, பக்கத்து வீட்டு லோவல் ஸ்வெட்டின் தக்காளிப் பாத்திக்குள் போய் நின்றார்.

லோவல் தாழ்வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "என்ன ஹார்லன்?" என்றார்.

"ஜேபஸோட அடுப்பு. நீ நாத்து வெச்சிருக்கிற இடத்துல இருந்திருக்கணும்."

லோவல் சற்று யோசித்தார். "அதான் போன வருஷம் எல்லாம் கருகிப்போச்சு போல."

இது கிண்டல் என்று ஹார்லனுக்கு உறைக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து, மண்ணில் கரி இருக்க வாய்ப்பு என்று எழுதிக்கொண்டார்.

கணக்கில் புலியான இந்த வேதியியல் ஆசிரியரிடம் ஓர் எளிய கணக்கு மட்டும் தப்பிப்போனது. ஒருவருக்குப் பெற்றோர் இரண்டு பேர், பாட்டன் பாட்டி நான்கு பேர், அப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் ஒன்பது தலைமுறைக்கு மேலே ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். ஹார்லன் அந்த வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் குடும்பப் பெயர் கொண்ட ஒரே ஓர் ஆணைக் கைகாட்டி, நீ மட்டும் வா, மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவர் சுவரில் ஒட்டியிருக்கும் வம்ச விளக்கப்படத்தில் ஆண்களின் பெட்டிக்குள் பிறப்பு, இறப்பு, நிலம், பதவி, பன்றிக்காது எல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கும். பக்கத்துப் பெட்டியில் ஹன்னா என்று இருக்கும். அதன்கீழ் ஒரு கோடு. அவ்வளவுதான்.

இனி மேசைக்கு வருவோம். வந்துதான் ஆகவேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் வேறு எங்கே போனாலும் பத்திரப் பெட்டி தடுக்கும்.

நடீன் பிறந்த வீட்டிலிருந்து வந்த மேசை அது. செர்ரி மரம். பலகை போட்டு நீட்டினால் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ஆறு வருடமாக அதில் ஜேபஸ் படுத்திருக்கிறார். நகல் பத்திரங்கள் முழங்கை உயரத்துக்கு, வருட வாரியாக அடுக்கி, மேலே ஆற்றங்கல் பாரம் வைத்து. ஆறு வருடமாக அந்த வீட்டில் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து என்பது, வான்கோழித் துண்டைத் தட்டில் வைத்து, தட்டை மடியில் வைத்து, தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து தின்பது. நடீன் பொறுத்துக்கொண்டார். இந்த வருடம் பொறுக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாக மெய்ன் மாநிலத்திலிருந்து வருகிறார்கள். வீட்டாரையும் சேர்த்து மொத்தம் பதினோரு பேர்.

"அம்மா, அவங்க வீட்டுல தினமுமே மேஜைத்துணி விரிச்சுத்தான் சாப்பிடுவாங்க" என்று டெஸ் தொலைபேசியில் மெல்லச் சொன்னாள். "நான் ஒண்ணும் சொல்லல. சும்மா சொன்னேன்."

பெண்கள் சும்மா சொல்வது எதற்கு என்று நடீனுக்குத் தெரியாதா? அன்றே போய்க் கேட்டார்.

"ஹார்லன், மேசை எனக்கு வேணும்."

"தாராளமா எடுத்துக்கோ. ஆதாரம் கிடைச்ச மறுநாளே."

ஆதாரம் என்பது இதுதான். ஆற்றங்கரையில் முதன்முதலில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் ஒரு சான்றிதழும், வருடத்துக்கு ஒரு விருந்தும், மற்றவர்களைச் சேர்க்க மறுக்கும் உரிமையும் கிடைக்கும். ஹார்லன் மூன்றுமுறை மனு போட்டு மூன்றுமுறையும் திரும்பி வந்துவிட்டது. காரணம், எபனேசர் என்று ஓர் ஆள். ஹார்லனிடமிருந்து பின்னோக்கி ஏறினால் எபனேசர் புல்சிஃபர் வரை ஒவ்வொரு படிக்கும் பத்திரம் இருக்கிறது. அந்த எபனேசர் 1731இல் மேட்டுப்புறத்தில் நிலம் வாங்குகிறான். அவன் ஜேபஸின் மகன் என்பதற்குத்தான் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஜேபஸ் உயில் எழுதாமல் போய்விட்டார். சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்த பக்கத்தை எலி தின்றுவிட்டது. மூன்று நூற்றாண்டுக்கு முன்பு செத்துப்போன அந்த எலியை ஹார்லன் தனிப்பட்ட முறையில் வெறுக்கிறார். இப்போது நான்காவது மனு. கடைசி நாள் நவம்பர் பதினைந்து.

"கிடைக்கலன்னா?" என்றார் நடீன்.

"கிடைக்கும். அடுக்கைக் கலைச்சாத்தான் கிடைக்காது."

அக்டோபர் கடைசி வாரத்தில், ஹார்லன் டவுன் ஹாலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, நடீன் அடுக்கைக் கலைத்தார். மேசையின் ஒரு மூலையையாவது மீட்பது என்று முடிவுசெய்து, எதிரி நாட்டுக்குள் நுழைவதுபோல் ஜன்னலோரப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நாலாவது கட்டுக்குள் ஒரு நகல் வந்தது. மேலே ஹார்லனின் கையெழுத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: விதவை சம்பந்தப்பட்டது, உபயோகமில்லை.

உபயோகமில்லாததை நடீன் உட்கார்ந்து படித்தார்.

உயிலில்லாமல் கணவன் போனால், வீடு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, அவள் ஆயுள் வரை. அந்தக் காலத்துச் சட்டம் அது. சொந்த நிலமுள்ள மூன்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்துவிட்டு, வீட்டுக்குள் நடந்து பார்த்து, இது உன் பங்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஜேபஸின் மனைவி ஹன்னாவுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கிழக்குப் பக்கத்து அறை. அதற்கு மேலுள்ள சிறு அறை. நிலவறையில் பாதி. அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொள்ளும் உரிமை. முன்வாசல் வழியாகக் கிணற்றுக்குப் போய்வரும் உரிமை. ஆப்பிள் மரங்களில் தெற்கு வரிசை. யாரும் மறுக்கக் கூடாது என்று கீழே மூன்று கையெழுத்து.

நடீன் தலையைத் தூக்கிப் பார்த்தார். சாப்பாட்டு அறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே பதினாறு பெட்டிகள். ஆறு வருடமாக அவர் அழுக்குத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போய்வருகிறார். கிணற்றுக்குப் போய்வரும் உரிமை என்பதை இன்னொரு தடவை படித்தார்.

ஹார்லன் திரும்பி வந்ததும் கேட்டார். "இந்த ஹன்னாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"யாருக்கு?"

"ஹன்னாவுக்கு. ஜேபஸ் பொண்டாட்டி."

"மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா போல. ஸ்பெல்மன்னு ஒருத்தன். நமக்கு அது வேண்டாம், வேற குடும்பம் அது. நீ எந்தக் கட்டைத் தொட்டே?"

"அவ செத்ததுக்கப்புறம் அந்தக் கிழக்கு ரூம் யாருக்குப் போச்சு? அடுப்பு யாருக்குப் போச்சு?"

"நடீன், அடுப்பு யாருக்குப் போனா என்ன? நான் எபனேசரைத் தேடிட்டிருக்கேன்."

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். இந்த இனம் செய்யும் தவறுகளிலேயே தலையாயது இதுதான். ஒன்பது வருடமாக ஹார்லன் பத்திரங்களின் பெயர்ப் பட்டியலில் ப வரிசையை விரலால் தேய்த்துத் தேய்த்துக் காகிதமே மெலிந்துபோயிருந்தது. மற்ற எழுத்துகள் மற்றவர்களுடையவை. பெயர் மாறிய அன்றே அந்தப் பெண் குடும்பத்தைவிட்டுப் போய்விட்டாள். அவள் காலடியிலேயே மூன்றில் ஒரு பங்கு நிலம் கிடக்கிறது, அவள் கண்மூடியதும் அது யாருக்காவது போயே ஆகவேண்டும் என்பது, வீட்டைக் கூட்டிப் பெருக்கிய ஒருவருக்குத்தான் தோன்றும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹார்லனுக்குப் பல் வைத்தியரிடம் வேலை. நடீன் டவுன் ஹாலுக்குப் போனார். அங்கே பத்திரப் பெட்டக அறைக்குப் பொறுப்பு மார்சியா பிரிடி. புல்சிஃபர் என்ற பெயரைக் கேட்டதும் அவள் கை தானாகவே, தப்பிக்க ஒரு சாக்காக, மதிய உணவுப் பையை நோக்கிப் போகும். அன்றும் போயிற்று.

"பயப்படாதே, நான் மட்டும்தான் வந்திருக்கேன்" என்றார் நடீன்.

"அப்படின்னா உக்காருங்க" என்றாள் மார்சியா.

"ஒருத்தி பங்கா வாங்கின ரூம், அவ செத்ததும் யாருக்குப் போச்சுன்னு எதுல பாக்கணும்?"

"முதல் புருஷன் பேருலயா, ரெண்டாவது பேருலயா?"

"ரெண்டாவது. ஸ்பெல்மன்."

மார்சியா எழுந்து போனாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 1738ஆம் வருடப் புத்தகத்தைத் தூக்கிவந்து நடீன் முன்னால் விரித்துவைத்தாள்; இருவரும் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்கள். ஹன்னா ஸ்பெல்மன் காலமானாள். முதல் கணவன் ஜேபஸ் புல்சிஃபர் வழியாக அவள் அனுபவித்துவந்த கிழக்கு அறையும், அடுப்பு உரிமையும், தெற்கு வரிசை ஆப்பிள் மரங்களும் அந்த ஜேபஸின் பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படுகின்றன. மூத்தவனுக்கு இரண்டு பங்கு. பிறகு இரண்டு பெண்கள். கடைசியில், இப்போது மேட்டுப்புறத்தில் வசிக்கும் இளைய மகன் எபனேசருக்கு ஒரு பங்கு.

"ஒன்பது வருஷம்" என்றாள் மார்சியா. "வியாழக்கிழமை வியாழக்கிழமை. இதோ இந்த அலமாரிக்கு முதுகு காட்டித்தான் உக்காருவாரு."

"முப்பத்து நாலு வருஷம் அடுப்பை விட்டுக்கொடுக்கல பாத்தியா?" என்றார் நடீன். அவர் கண் எபனேசரில் இல்லை. "வேற வீட்டுக்குப் போனப்புறமும் விடல."

நகல் எடுத்துக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தார். வாய் மரத்துப்போய் ஒரு பக்கமாக இளித்துக்கொண்டிருந்த கணவருக்குச் சூப் வைத்துக் கொடுத்தார். நகல் பைக்குள்ளேயே இருந்தது.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. மார்சியா நின்றாள். பக்கத்து வீட்டு லோவல் அளவு நாடாவோடு நின்றார். அவர்களுக்குப் பின்னால், ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார் ஜாய்ஸ் அம்மையார், இப்படி ஒரு காரியத்துக்கு எந்த ஜெபம் பொருந்தும் என்று தெரியாத முகத்தோடு நின்றார்.

"இவங்க எதுக்கு?" என்றார் ஹார்லன்.

"என் பங்கைப் பிரிக்க" என்றார் நடீன். "மூணுல ஒண்ணு. சட்டம் உனக்குத் தெரியும்."

"அது விதவைக்கு. நான் இன்னும் சாகல நடீன்."

"நீ செத்தா மொத்த வீடும் எனக்குத்தான். நீ உயிரோட இருக்கும்போதுதான் எனக்கு இடம் இல்ல."

லோவல் தொண்டையைச் செருமிக்கொண்டு நாடாவைப் பார்த்தார். ஹார்லனுக்கு எங்கே கோபம் வரவேண்டுமோ அங்கே வரவில்லை. இந்த இனத்திடம் நடைமுறை என்று ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், தன் கழுத்துக்குக் கயிறு என்றாலும் முடிச்சு சரியா என்றுதான் முதலில் பார்க்கும். அவர் மூவரையும் ஒருமுறை அளந்து பார்த்தார்.

"மூணு பேரும் சொந்த நிலம் உள்ளவங்களா இருக்கணும். ஜாய்ஸ் இருக்கிற வீடு சபையோட வீடு. இவங்க செல்லாது."

"எனக்கு வெர்மான்ட்ல ரெண்டு ஏக்கர் இருக்கு ஹார்லன்" என்றார் பாதிரியார் வருத்தமாக. "முழுக்கச் சதுப்பு."

"பத்திரம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி" என்றார் ஹார்லன், திருப்தியாக.

மூவரும் நடந்தார்கள். லோவல் அளந்தார், மார்சியா எழுதினாள், பாதிரியார் பெட்டிகளைத் தாண்டும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். குளியல் தொட்டிக்குள் பதினொரு பெட்டிகள் இருந்தன. "இது என்னது?" என்றாள் மார்சியா. "மாசசூசெட்ஸ் மாநிலம்" என்றார் ஹார்லன்.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மார்சியா எழுதியதை நின்றுகொண்டே படித்தாள். சாப்பாட்டு அறை முழுவதும், அதிலுள்ள மேசை நான்கு கால்களும் நீட்டுப் பலகையும் சேர்த்து நடீனுக்கு. துணி துவைக்கும் இயந்திரம் வரை நேராக முன்பக்கம் பார்த்து நடந்துபோகும் உரிமை. குளியல் தொட்டி, மாசசூசெட்ஸ் நீங்கலாக. காரின் பின்பெட்டியில் பாதி, கண்ணாடி தூக்கும் கடமையிலிருந்து விடுதலையோடு. எல்லை, குளிர்பெட்டியின் இடது ஓரத்திலிருந்து மாடிப்படியின் கைப்பிடி வரை.

"யாரும் மறுக்கக் கூடாதுன்னு போடு" என்றார் நடீன்.

"போட்டாச்சு."

ஹார்லன் கையெழுத்துப் போடவில்லை. மேசைப் பக்கம் திரும்பி நின்றார். "என் அடுக்கு" என்றார். "இன்னும் ஒரு வாரம் இருக்கு நடீன். அப்புறம் எடுத்துக்கோ. நான் சாகறதுக்குள்ள அவன் யாருன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்." சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்த லோவலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடம் ஒருவர் ஒரு கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் தட்டியது தட்டியதுதானே?

நடீன் கைப்பையைத் திறந்து, மடித்த நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். "முதல்ல கையெழுத்துப் போடு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா முதல்ல போடு."

போட்டார். பிரித்தார். மேலிருந்து கீழே படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, கீழிருந்து மேலே படித்தார்.

"ஸ்பெல்மன் பேர்ல இருந்துதா?"

"ஆமா."

"நான் அதைத் திறந்ததே இல்ல."

"தெரியும். மார்சியா சொன்னா."

ஹார்லன் சுவரோரம் போனார். பேனாவை எடுத்து, விளக்கப்படத்தில் ஹன்னா என்ற பெட்டிக்குள், கோட்டின்மேல், கிழக்கு அறை, அடுப்பு, ஆப்பிள் மரம் தெற்கு வரிசை என்று எழுதினார். இடம் போதாமல் ஜேபஸின் பன்றிக்காது வரை எழுத்து நீண்டது. அதன்பிறகு, யாரும் சொல்லாமலே, முதல் ஆற்றங்கல்லைத் தூக்கித் தரையில் வைத்தார். லோவல் இரண்டாவது கல்லைத் தூக்கினார்.

மனு பதினான்காம் தேதியே போய்ச் சேர்ந்தது.

நன்றி நாளன்று செர்ரி மர மேசை பலகை நீட்டி, மேஜைத்துணி விரித்து, பதினோரு தட்டுகளோடு பளபளத்தது. வான்கோழி, பூசணி இனிப்பு, கிரான்பெர்ரிச் சாறு எல்லாம் மனிதர்கள் உண்ணும் உயரத்தில் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா ஓடில் திபோ, முழங்கையை ஊன்றிக்கொள்ள இடம் கிடைத்த சந்தோஷத்தில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். ஹார்லன் மாப்பிள்ளையை ரெமி என்றே இரண்டு தடவை கூப்பிட்டார். டெஸ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"எங்க ஆளுங்க எல்லாம் கனடாவுல கியூபெக்" என்றார் ஓடில், உருளைக்கிழங்குத் தட்டைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே. "எங்க பாட்டியோட அம்மா மட்டும் இந்த ஆத்தங்கரைப் பக்கமாம். அவங்க பேருகூட யாருக்கும் தெரியாது. அது ஆச்சு எவ்வளவோ காலம்."

ஹார்லனின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. டெஸ் அப்பாவைக் கண்ணால் கெஞ்சினாள். ஹார்லன் மனைவியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டவர். இது நடீனின் நிலம். அவர் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, கரண்டியில் இருந்ததை வாய்க்குள் போட்டு, மென்று, விழுங்கினார். நெற்றியில் வியர்த்தது.

"எந்த ஊரு?" என்று ஒரு குரல் கேட்டது.

நடீன்தான். தட்டை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தார்.

"ஊரு ஞாபகம் இல்லையே" என்றார் ஓடில்.

"பரவால்ல. அவங்க ரெண்டாவது கல்யாணம் ஏதாவது பண்ணிக்கிட்டாங்களா? டெஸ், அந்த டிராயர்ல பேனா இருக்கு பாரு, எடு."

இப்படித்தான் தொற்றுகிறது. உண்ணிக்கடியைவிட மோசம், இதற்கு மருந்தும் கிடையாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர், பாவம், ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கப் பார்த்தவர், தன் ஊர்ப் பெயரைச் சொன்னதும், அங்கே எந்தத் தெரு என்று கேட்டது யார்? தெருவைச் சொன்னதும், அங்கே மளிகைக்கடை வைத்திருந்தாரே அவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டது யார்? விழுப்புரத்தில் அவர் இறங்குவதற்குள், உங்கள் சித்தியின் நாத்தனார் வழியாக அவரை உறவுக்குள் இழுத்துப் போட்டுவிட்டுத்தானே நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள்? பீரோவின் அடித்தட்டில், விற்று முடித்து நாற்பது வருடமான மனைக்கு மூலப்பத்திரத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பது யார் வீட்டில்?

ஒன்று செய்யுங்கள். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் பேச்சுவாக்கில், இந்தத் தெருவில் அவர்கள் நம்பும் மூன்று பேர் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் உடனே சொன்னார்கள் என்றால், பங்கு பிரிக்க அந்த மூவரிடமும் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.